பனைக்கு விதை உண்டு, அரிவாளுக்கு யார் உண்டு?

2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை சட்டமன்றத்தில் வாசிக்கப்பட்டபோது பனைக்கென்று தனியாகச் சில அறிவிப்புகள் வந்தன. 30 மாவட்டங்களில் 76 லட்சம் பனை விதைகளும் ஒரு லட்சம் கன்றுகளும் கொடுக்கப்படும். இனிப் பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். நல்ல செய்திதான். அதற்குப் பிறகு குளத்தங்கரையில் பனங்கொட்டை ஊன்றிப் படம் எடுத்துக்கொள்ளாத மாணவர் அணியே இல்லை என்று ஆகிவிட்டது. ஆனால் இன்று ஊன்றும் கொட்டை மரமாகிப் பாளை விடப் பதினைந்து ஆண்டாவது ஆகும். அன்றைக்கு அந்த மரத்தில் ஏறுகிறவர் எந்த அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறுவார், அதை யார் அடித்துக் கொடுத்திருப்பார்? பனையைக் காக்கும் பேச்சில் மரம் வருகிறது, கருப்பட்டி வருகிறது, எப்போதாவது பனையேறியும் வந்து போகிறார். அவருடைய கருவிகளும் அவற்றைச் செய்கிறவரும் வருவதே இல்லை. இந்தத் தொழில் அறுந்துபோவதென்றால் முதலில் அறுவது அந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம். அதற்கான காரணங்கள் கருவிகளிலேயே இருக்கின்றன.

இதை உவரியிலிருந்து பார்த்தால் தெளிவாகப் புரியும். ஊருக்கு முன்னால் மன்னார் வளைகுடா. அந்தோணியார் கோயிலுக்கும் சுயம்புலிங்க சுவாமி கோயிலுக்கும் வருகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கடல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போவார்கள். பின்னால் குட்டம், திசையன்விளை, இடையன்குடிப் பக்கம் போனால் செம்மணல் தேரி. தாமிரபரணி தண்ணீர் நெல்வயல்களோடு நின்றுவிட்டது. இந்தப் பக்கத்து நம்பியாறும் கருமேனியாறும் ஆண்டில் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். வெள்ளநீர்க் கால்வாய் என்பதெல்லாம் அண்மைக்காலத்துக் கதை. காற்றடித்தால் மணலே இடம் மாறுகிற அந்த மண்ணில் யாரும் தண்ணீர் ஊற்றாமல் நின்றது பனை ஒன்றுதான், தேரிக்காட்டின் பிழைப்பும் அதை நம்பியே இருந்தது. வெளிநாடுகளில் காட்டில் தனியே தங்கிப் பிழைத்துக் காட்டுவதை ஒரு பொழுதுபோக்காக வளர்த்திருக்கிறார்கள். அதற்கென்று கையால் அடித்த கத்திக்கும் கையால் தைத்த தோலுறைக்கும் தனிச் சந்தையே இருக்கிறது. ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். தேரிக்காட்டில் கையால் அடித்த அரிவாளும் கையால் தைத்த தோலும் வயிற்றுப்பாட்டுக்காகவே இருந்தன. வேலையில் இரண்டும் ஒரே இனம்தான். விலையிலும் மரியாதையிலும்தான் மலையும் மடுவும்.

பனையேறியிடம் இரண்டு அரிவாள் இருக்கும். காய்ந்த மட்டைகளைக் கழித்து மரத்தைச் சுத்தம் செய்ய மட்டை அரிவாள். பாளையின் நுனியைச் சீவப் பாளை அரிவாள். இவற்றோடு பாளையை இடுக்கி நெரிக்கும் கடிப்பு, சுண்ணாம்பு, கலயம், இறக்கிய பதநீரைக் கொண்டுவரக் குடுவை, கால்களைச் சேர்த்துப் பிடிக்கும் தளைநார், சொரசொரப்பான மரம் நெஞ்சை உரசாமலிருக்க மார்புத்தோல். எல்லாவற்றிலும் பாளை அரிவாள்தான் தலை. பாளையில் சுரப்பது, மரம் தன் பூவுக்கும் காய்க்கும் அனுப்புகிற சர்க்கரைச் சாறு. அது கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் வழியாக வருகிறது. சீவிய இடத்தில் காற்றுப் பட்டதும் வெட்டுவாய் காய்ந்து, நுண்ணுயிர்களும் படர்ந்து, குழாய்கள் அடைபடத் தொடங்கும். அதனால்தான் காலையும் மாலையும் ஏறி மெல்லிய சீவலாக ஒன்றை எடுத்துப் புது வாய் திறக்க வேண்டியிருக்கிறது. கூர் மழுங்கிய அரிவாள் குழாயை அறுக்காமல் நசுக்கிவிடும். நசுங்கிய குழாயில் சாறு வராது. மழுங்கலைச் சரிக்கட்டக் கனமாகச் சீவினாலோ, பல வாரம் சுரக்க வேண்டிய பாளை பாதியிலேயே தீர்ந்துபோகும். ஆக, அரிவாளின் கூர் குறைந்தால் அன்றைய பதநீர் குறையும், பதநீர் குறைந்தால் விடிலிக் குடிசையில் காய்ச்சி இறக்கும் கருப்பட்டி குறையும். முப்பது நாற்பது மரம் ஏறுகிற ஒருவருக்கு இது சின்னக் கணக்கில்லை. மரப்பலகையில் வெங்கச்சங்கல் பொடியைத் தூவி, அரிவாளைப் படுக்கவைத்து நிதானமாக இழுத்துத் தீட்டிய பிறகே தொழிலுக்குக் கிளம்புவதற்குக் காரணம் இதுதான். வெறும் சாணைக்கல்லில் வைத்து எடுத்த கூர் காய்கறிக்குப் போதும், பாளைக்குப் போதாது.

அந்தக் கூர் நிற்க வேண்டுமானால் இரும்பு அதற்குத் தக்கதாக இருக்க வேண்டும், அங்கேதான் கொல்லர் வருகிறார். இப்போது கிராமத்துப் பட்டறைகளில் அரிவாளுக்கு அதிகம் பயன்படுவது பழைய லாரிகளின் வில்பட்டை. நூற்றுக்கு அரைப் பங்குக்குச் சற்று மேல் கரி கலந்த எஃகு அது. வளைந்து வளைந்து நிமிர்வதற்கென்றே ஆலையில் செய்யப்பட்டது. அதைக் கரி உலையில் காய்ச்சிப் பட்டடையில் வைத்துச் சம்மட்டியால் அடித்து, முதுகைத் தடிப்பாகவும் வாயை மெல்லிசாகவும் இழுத்து, பிறை போல வளைத்து, அரத்தால் ராவி எடுப்பது வரை உழைப்பு. தோய்ச்சலில்தான் வித்தை. செக்கச் சிவந்த வாயைத் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்த்தால் எஃகு கண்ணாடி மாதிரி இறுகிவிடும். இறுகியதை அப்படியே விட்டால் தட்டினால் தெறிக்கும். எனவே மறுபடி இளஞ்சூடு காட்டி, தேய்த்து வெளுத்த இடத்தில் நிறம் ஓடுவதைப் பார்க்கிறார்கள். 220 டிகிரி வாக்கில் வைக்கோல் மஞ்சள், மேலே போகப் போகப் பழுப்பு, ஊதா, 300 டிகிரியில் நீலம். மஞ்சளில் நிறுத்தினால் கூர் நெடுநேரம் நிற்கும், ஆனால் மட்டையின் ரம்பம் போன்ற விளிம்பான கருக்கில் பட்டால் வாய் பொரியும். நீலத்துக்குப் போனால் பொரியாது, ஆனால் நாலு மரத்துக்குள் மழுங்கும். கருக்கு மட்டையோடு மோதுகிற அரிவாளுக்குத் தாங்கும் பதமும், பாளையை மட்டும் தொடுகிற அரிவாளுக்குக் கூர் நிற்கும் பதமும் வேண்டும். வெப்பமானி எதுவும் இல்லாமல், பட்டறையின் அரை இருட்டில், ஓடுகிற நிறத்தைக் கண்ணால் பிடித்து நிறுத்துகிற முடிவு ஒரு சில நொடிகளில் நடந்து முடிந்துவிடுகிறது. தாமிரபரணிப் பள்ளத்தாக்குக்கு இது புதிய அறிவும் இல்லை. ஆதிச்சநல்லூரில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை தோண்டியபோது கிடைத்தவற்றில் இரும்புக் கருவிகள் ஏராளம். சிவகளை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் அரசு அறிவித்தபோது தமிழ்நாடே கொண்டாடியது. அந்தக் காலக்கணிப்பை அறிஞர்கள் விவாதிக்கட்டும். ஐயாயிரம் ஆண்டுக்கு முந்திய கொல்லருக்குக் கிடைத்த கைதட்டலில் கால்வாசி இன்று உலை ஊதுகிறவருக்குக் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தோலுக்கு வருவோம். வெளிநாட்டுக் கத்திக்காரர்கள் தோலுறை என்றால் உயிரை விடுவார்கள். ஆனால் அவர்களே சொல்லும் எச்சரிக்கை ஒன்று உண்டு: கத்தியை நெடுநாள் தோலுறைக்குள் போட்டு வைக்காதே, தோல் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு இரும்பைத் துருவேற்றும். உப்புக்காற்று வீசும் உவரிக் கரையில், இனிப்புச் சாறு ஒட்டிய அரிவாளுக்குத் தோலுறை போட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பனையேறியின் அரிவாள் பெட்டி பாளை, மட்டை, நார் என்று மரம் தந்த பொருள்களால் ஆனது. காற்றோட்டமானது, நனைந்தாலும் சீக்கிரம் உலரும், கூரான வாயை மழுக்காது. தோலை அவர்கள் வைத்தது தோல் வேண்டிய இடத்தில், அதாவது மரத்துக்கும் மனிதனுக்கும் நடுவில். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு வாரக்கணக்கில் ஊறவைத்துப் பதனிட்ட மாட்டுத்தோல் கனமானது, விறைப்பானது. நனைந்து உலரும்போது தான் கிடக்கும் உடம்பின் வடிவத்தை வாங்கிக்கொள்ளும். இன்றைய தொழிற்சாலைகளில் பெரும்பாலும் நடக்கிற குரோம் பதனிடலில் தோல் விரைவாகத் தயாராகும், மிருதுவாகவும் இருக்கும், ஆனால் அந்த விறைப்பும் வடிவம் வாங்கும் குணமும் அதில் குறைவு. கையில் அகப்படுகிற பழைய டயரை வெட்டி நெஞ்சில் கட்டிக்கொண்டால் உரசல் தடுக்கப்படும், வேர்வை தடுக்கப்படாது. சித்திரை வெயிலில் ரப்பருக்கு அடியில் நெஞ்சு வெந்துபோகும். ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் உலகத்துக்கே தோல் அனுப்புகின்றன. சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948 முதல் இயங்குகிறது. அந்த அறிவில் கொஞ்சம் தேரிக்காட்டு நெஞ்சுக்கும் எட்ட வேண்டும் என்பது பேராசையாகாது.

இந்த இடத்தில் நியாயமான ஒரு கேள்வி எழும். கைவேலை, கைவேலை என்று எதற்கு இத்தனை பேச்சு? நல்ல எஃகில் ஆலையில் அடித்துக் கொடுத்தால் மலிவாகவும் ஒரே தரமாகவும் கிடைக்காதா? இதற்குச் சாட்சியாக ஸ்வீடனின் மோரா நகரத்தையே நிறுத்தலாம். 1891இல் அங்கே தொடங்கிய கத்தித் தொழில் இன்று ஆலைத் தொழில். விலை குறைவு, கூர் பிரமாதம். அதைவிடப் பத்து மடங்கு விலை கொடுத்துக் கைக்கத்தி வாங்குகிறவர்கூடப் பையில் ஒரு மோரா கத்தியையும் போட்டு வைத்திருப்பார். ஆலைப் பொருள் மட்டம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் மோராவின் கத்தியைத் தச்சர் வாங்குவார், மீனவர் வாங்குவார், படை வீரர் வாங்குவார், லட்சக்கணக்கில் விற்கும். பாளை அரிவாளை வாங்குகிறவர்கள் சில ஆயிரம் பேர். அவர்களுக்குள்ளும் ஊருக்கு ஊர் வளைவு மாறுகிறது, ஆண் மரமான அலகுப்பனைக்கும் பெண் மரமான பருவப்பனைக்கும் சீவும் விதம் மாறுகிறது, இடக்கைக்காரருக்கு எல்லாமே தலைகீழ். இதற்காக அச்சு செய்து முதல் போட எந்த ஆலையும் முன்வராது. வந்தாலும், வாய் தேய்ந்த அரிவாளை ஆலைக்குத் திருப்பி அனுப்பி அடித்து வாங்க முடியுமா? உலை பக்கத்தில் இருந்தால், போன தடவை பதம் கொஞ்சம் கூடிப்போச்சு என்று முகத்துக்கு நேரே சொல்லலாம், அடுத்த தடவை குறைத்துக் கொடுப்பார். அமெரிக்காவில் 1976இல் தொடங்கிய கத்திக் கொல்லர் சங்கத்தில் தேர்வு ஒன்று உண்டு. தொங்கும் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். கட்டையை இரு முறை வெட்டித் துண்டாக்க வேண்டும். அதன் பிறகும் கத்தி முடி சிரைக்க வேண்டும். கடைசியில் இடுக்கியில் வைத்து 90 டிகிரி வளைத்தால் உடையக்கூடாது. கண்டிப்பான தேர்வுதான். ஆனால் வாழ்நாளில் ஓரிரு முறை எழுதுவது. நம் கொல்லருக்குப் பருவம் முழுக்கத் தினமும் இரண்டு வேளை தேர்வு, அதுவும் மரத்தின் உச்சியில்.

இன்னொரு மறுப்பு இயந்திரத்தின் பக்கமிருந்து வருகிறது. பனையேறக் கருவி கண்டுபிடித்தால் தொழில் பிழைத்துக்கொள்ளும் என்பது பலருடைய நம்பிக்கை. கேரளத்தில் கண்ணூர்ப் பக்கத்துச் செம்பேரியில் பிறந்த தென்னையேறும் கருவி உண்மையிலேயே பலருக்கு வழிவிட்டிருக்கிறது, பெண்கள்கூட ஏறுகிறார்கள். ஆனால் தென்னை ஏறக்குறைய ஒரே பருமனில் போகிற மரம், தேங்காய் பறிக்க மாதத்துக்கோ இரண்டு மாதத்துக்கோ ஒருமுறை ஏறினால் போதும். பனை அடியில் பெருத்து மேலே சிறுத்துப் போவது, மேனியெல்லாம் செதில். உச்சியில் ரம்பம் போன்ற கருக்கு மட்டைகளுக்கு நடுவே நுழைந்து உட்கார்ந்தால்தான் பாளை கைக்கு எட்டும். கருவி கொண்டைக்குக் கீழே வரைதான் கொண்டுவிடும். ஒவ்வொரு மரத்திலும் அதை மாட்டிக் கழற்ற ஆகும் நேரத்தை முப்பதால் பெருக்கி, இரண்டு வேளைக்கு இரட்டித்துப் பாருங்கள். நாளைக்கு இதற்கெல்லாம் தீர்வு காணும் கருவி ஒன்று வரலாம், வரட்டும். அப்போதும் அது செய்யப்போவது காலின் வேலையை. பாளையைச் சீவுவது அப்போதும் ஓர் அரிவாளாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும்: நம் மரபுக் கருவிகளில் விழுகிறவரைப் பிடித்து நிறுத்தும் கருவி கிடையாது. தளைநார் ஏற உதவும், வழுக்கினால் தாங்காது. கட்டடத் தொழிலாளி போட்டுக்கொள்ளும் பாதுகாப்பு வார் மாதிரி ஒன்றைப் பனைக்கேற்ப அமைக்கத்தான் வேண்டும். மரபு என்ற பெயரில் ஒருவர் முதுகெலும்பை முறித்துக்கொள்ளத் தேவையில்லை. அந்த வாரையும் ஆளுக்கேற்ப அளவெடுத்துத் தைக்க ஒரு கை வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைப்போம்.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு சாதி சார்ந்தது. உவரிக்குப் பக்கத்து இடையன்குடியில் 1841இல் வந்து தங்கிய கிறித்தவ மதபோதகர் கால்டுவெல், இங்குள்ள பனையேறும் மக்களைப் பற்றி 1849இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். தங்களை இழிவுபடுத்துகிறது என்று அந்தச் சமூகமே பின்னாளில் அதை எதிர்த்துக் கொந்தளித்தது. ஏறுவதும் தோல் தைப்பதும் பிறப்பால் தலையில் கட்டப்பட்ட தொழில்களாக இருந்த மண் இது. மரத்திலிருந்து இறங்கிக் கடை வைத்து, பள்ளி கட்டி, பிள்ளைகளைப் படிக்கவைத்து மேலே வந்தது தமிழகத்தின் பெரிய முன்னேற்றக் கதைகளில் ஒன்று. அப்படியிருக்க, கருவியின் அழகைப் பாடுவது அவர்களைத் திரும்ப ஏறச் சொல்வது ஆகாதா? யாரும் அவரவர் அப்பன் தொழிலுக்குத் திரும்ப வேண்டியதில்லை என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் விரும்பி வருகிறவர்களும் இருக்கிறார்கள். விழுப்புரம் மாவட்டம் நரசிங்கனூரில் படித்த இளைஞர்கள் பனையேறிகளாகத் தொழில் செய்கிறார்கள், பனைக்குத் திருவிழாவே நடத்துகிறார்கள். தொழிலை இழிவாக்கியதில் கூலிக்கும் கட்டாயத்துக்கும் இருந்த பங்கு மட்டமான கருவிக்கும் இருந்தது. நெஞ்சு தேய்ந்து காய்ப்பு ஏறிய உடம்பைப் பார்த்துத்தானே அடுத்த தலைமுறை ஓடியது. நல்ல தோல், நல்ல அரிவாள், நல்ல பாதுகாப்பு வார் என்று கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு ஏறுவதா வேண்டாமா என்பதை அவரவரிடம் விட்டுவிடுவதுதான் முறை.

கொல்லரின் பக்கம் நின்று பார்த்தால் நிலைமை இன்னும் இறுக்கமானது. 1987இலிருந்து தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை. கள்ளுக்கு அனுமதி உள்ள கேரளத்திலும் யாழ்ப்பாணத்திலும் ஏறுகிறவருக்கு ஆண்டெல்லாம் ஏதோ வருமானம் உண்டு. இங்கே பதநீர்ப் பருவத்தின் சில மாதங்களோடு சரி. ஏறுகிறவர் குறைந்தால் பாளை அரிவாள் கேட்டு வருகிறவரும் குறைவார். அதற்குமேல் நெல்லைச் சீமை அரிவாளுக்கு வந்து சேர்ந்த கெட்ட பெயர். 2021 செப்டம்பரில் கொலைகள் தொடர்ந்ததையடுத்து, பட்டறைகள் கேமரா பொருத்த வேண்டும், வாங்குகிறவர் பெயரும் முகவரியும் எழுதி வைக்க வேண்டும் என்று காவல்துறை கேட்டது. காரணம் புரிகிறது. ஆயுதச் சட்டத்தின் விதிகளேகூட வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் உரிய வெட்டுக்கருவிகளை உரிமத்திலிருந்து விலக்கி வைத்திருக்கின்றன. ஆனாலும் உலையை மூடிவிட்டு வெல்டிங் கடை வைப்பதா என்று யோசித்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, கேமராச் செலவும் காவல் நிலையத்து விசாரணையும் எந்தப் பக்கம் தள்ளும் என்று ஊகிக்கலாம். சீவும் நுனி பிறையாக வளைந்த ஒரு பாளை அரிவாளையும் வீச்சரிவாளையும் பார்த்தவுடனே பிரித்தறியலாம். பதிவேட்டிலும் அந்தப் பிரிவு வந்தால் பாதித் தொல்லை தீரும்.

அரசுத் திட்டங்களில் இதற்கு இடமில்லாமல் இல்லை. ஒன்றிய அரசு 2023 செப்டம்பரில் தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் கொல்லு வேலையும் செருப்புத் தைப்பதும் உண்டு. குலத்தொழிலை நிலைநிறுத்தும் என்று சொல்லித் தமிழ்நாடு 2024 நவம்பரில் அதை ஏற்க மறுத்தது. குடும்பத் தொழில் என்ற நிபந்தனை இல்லாத கலைஞர் கைவினைத் திட்டத்தை 2025 ஏப்ரலில் தொடங்கியது. 25 தொழில்கள், 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் கால் பங்கு, அதிகம் போனால் 50,000 ரூபாய், மானியம். மறுத்ததும் சரி, மாற்று கொடுத்ததும் சரி. ஆனால் புதிய திட்டத்துக்கு வயது 35 ஆகியிருக்க வேண்டும். பள்ளிப்பிள்ளையைப் படிப்பை விட்டுக் குலத்தொழிலுக்கு இழுத்துவிடக் கூடாது என்ற நோக்கம் அதில் இருக்கிறது, அதை மதிக்கிறேன். தோய்ச்சலின் நிறம் பார்க்கப் பழகுவதற்கு மட்டும் 35 வயது பிந்திய வயது. பட்டப்படிப்பு முடித்த எவரும், எந்தச் சாதியில் பிறந்தவரும், இருபத்திரண்டு வயதில் ஒரு கொல்லரிடமோ தோல் தைப்பவரிடமோ ஈராண்டு உதவித்தொகையோடு சேர்ந்து கற்றுக்கொள்ள ஒரு வழி அதே திட்டத்தின் பக்கத்தில் திறந்தால் போதும். பனை விதைக்கு ஒதுக்குகிற பணத்தில் ஒரு சிறு பங்கு அதற்குப் போதுமானது. கருவி வாங்கும் மானியத்தையும் பனையேறி தன் ஊர்ப் பட்டறையிலேயே கொடுத்து வாங்கிக்கொள்ள விட்டால், ஒப்பந்தக்காரர் மூலம் மொத்தமாக வந்து, யார் கைக்கும் பொருந்தாமல் பரணில் கிடக்கும் அரிவாள்களை வாங்க வேண்டியிருக்காது.